திரைத் துப்பாக்கியும் தெருத் துப்பாக்கியும்

திண்டிவனத்துக்குச் சென்றிருந்தோம். கூட்டம் மாலையில்தான். அதுவரை மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். மரக்காணம் உப்பளத்திலிருந்து லோடு ஏற்றி வந்த இரண்டு தோழர்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரியவர் ஒருவர், லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் நாலைந்து பேர். அரசியல் பேசுவார்கள் என்று காது கொடுத்தோம். அவர்கள் பேசியது துப்பாக்கி!

பயப்பட வேண்டாம். சினிமாத் துப்பாக்கிதான். 2022 ஜூன் மாதம் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தைப் பற்றிய வாக்குவாதம். படம் வந்து ஆண்டுகள் போய்விட்டன. வாக்குவாதம் மட்டும் தீரவில்லை.

“அவ்வளவு பெரிய துப்பாக்கியை ஒரே ஆள் எடுத்து இயக்க முடியுமாண்ணே?” என்கிறார் ஒரு தம்பி. “கமலகாசன் இயக்கினாரே, பார்க்கலையா?” என்கிறார் இன்னொருவர். “அதுக்கு முந்தி ‘கைதி’யில கார்த்தி பத்து நிமிசம் சுட்டாரே, அந்தத் தோட்டாவை எல்லாம் யார் தூக்கிக்கிட்டு வந்தது?” என்று மூன்றாமவர் மடக்குகிறார். பட்டாளத்துப் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “சினிமாவுல தோட்டா தீராது தம்பி. பட்டாளத்துலதான் தீரும்” என்றார்.

கேட்டுக் கொண்டிருந்த நமக்கு மகிழ்ச்சி ஒரு பக்கம். ஒரு சிந்தனை மறுபக்கம். அந்த இரண்டையும் இன்று தோழர்கள் முன்னே வைக்கிறோம்.

எண்ணுவது குற்றமல்ல!

“வேலையற்றவர்கள் பேச்சு! சினிமாவில் துப்பாக்கி சரியா தப்பா என்று பார்ப்பதா பகுத்தறிவு?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். காட்டியதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், “இது நடக்குமா?” என்று கேட்கிறானே, அவன்தான் நல்ல ரசிகன். அந்தக் கேள்வி சினிமாக் கொட்டகையில் பிறந்தாலென்ன, கோயில் வாசலில் பிறந்தாலென்ன? கேள்வி கேள்விதான்.

உலகப் புகழ் பெற்ற உளவாளிக் கதை ஒன்றையே ஒரு வாசகனின் கடிதம் மாற்றியது என்பது தோழர்களுக்குத் தெரியுமா? ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதியவர் இயான் ஃபிளெமிங். முதல் கதைகளில் அவருடைய உளவாளி வைத்திருந்தது பெரெட்டா என்ற சிறு கைத்துப்பாக்கி. 1956இல் ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கி நிபுணர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் உளவாளி வைத்திருப்பது சீமாட்டிகளுக்குரிய துப்பாக்கி, ஆபத்தான வேலைக்கு அது உதவாது என்பது அவர் வாதம்.

எழுத்தாளர் கோபித்துக் கொண்டாரா? இல்லை. 1958இல் வெளிவந்த ‘டாக்டர் நோ’ நாவலில் பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு, வால்தர் பி.பி.கே. என்ற ஜெர்மன் துப்பாக்கியைக் கொடுத்தார். அதைக் கொடுக்கும் ஆயுத அதிகாரிக்கு மேஜர் பூத்ராய்டு என்றே பெயரும் வைத்தார்! விமர்சித்தவனை வெறுக்காமல் கதைக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்த பண்பு அது. அப்போதும் ஒரு தவறு தங்கிவிட்டது. ரிவால்வருக்கென்று செய்த உறையில் வால்தரைச் செருகிவிட்டார் ஃபிளெமிங். அதையும் பூத்ராய்டு விடவில்லை.

இன்னொரு வேடிக்கை. 1963இல் வந்த பாண்ட் படத்தின் விளம்பரத்துக்குப் படம் பிடிக்கும் நாளில் வால்தர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். படம் பிடிப்பவரிடம் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதையே ஷான் கானரியின் கையில் கொடுத்தார்கள். உலகமெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில் அந்த மாவீரன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது அதைத்தான். மயிலம் பங்குனி உத்திரத்திலும் மேல்மலையனூர் அமாவாசையிலும் பலூன் சுடுகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்த துப்பாக்கி!

ஆகவே, மேம்பாலத்தடியில் உட்கார்ந்து தோட்டா எண்ணும் தோழர்கள் தாழ்வு மனப்பான்மை கொள்ளத் தேவையில்லை.

கணக்குப் போடுவோம்

எண்ணுவது என்று வந்துவிட்டால் ஒழுங்காகவே எண்ணுவோம்.

நமது உளவாளிப் படங்களுக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1966இல் மாடர்ன் தியேட்டர்சின் ‘வல்லவன் ஒருவன்’ வந்தது. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று கொண்டாடினோம். 1986இல் பழைய ‘விக்ரம்’ வந்தது. களவு போன ஏவுகணையைத் தேடும் கதை; எழுதியவர் சுஜாதா, மின்னணுப் பொறியாளர். 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் எடுத்தார். ரிவால்வரில் தொடங்கிய பரம்பரை பீரங்கி வரையில் வளர்ந்திருக்கிறது.

ரிவால்வர் என்றால் பொதுவாக ஆறு தோட்டா. ஏழாவது வெடி கேட்டால் அது இயக்குநருடைய வெடி. இதைச் சிறுவர்களும் சொல்வார்கள்.

‘கைதி’யில் பார்த்தது போலக் குழல்கள் சுழலும் துப்பாக்கிக்கு வருவோம். அந்த இனத்தில் பெயர் பெற்றது அமெரிக்கர்கள் ஹெலிகாப்டரில் பொருத்தும் எம்134. அதைச் சுழற்றுவது மின்மோட்டார். நிமிடத்துக்கு 3000 தோட்டா என்று வைத்துக் கொள்வோம். ஒரு தோட்டா ஏறக்குறைய 24 கிராம். பெருக்கிப் பாருங்கள்: 72 கிலோ! சிமெண்டு மூட்டை கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை மூட்டை. அதுவும் ஒரே நிமிடத்துக்கு. துப்பாக்கியின் எடை தனி, மின்கலத்தின் எடை தனி. சிமெண்டு மூட்டை தூக்கும் தோழருக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

‘சைலன்சர்’ என்ற சங்கதியும் அப்படித்தான். படத்தில் வாழைப்பழத்தை உரிக்கும் ஓசைகூட வருவதில்லை. உண்மையில் துப்பாக்கி வெடியின் ஓசை ஏறக்குறைய 160 டெசிபல். அந்தக் குழாய் அதில் 30 அளவுக்குக் குறைக்கலாம். மிச்சமே காதைக் கிழிக்கும். அதையும் ரிவால்வரில் மாட்டுகிறார்களே! ரிவால்வரின் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. குழாயை முன்னே மாட்டினால், ஓசை நடுவழியில் பிய்த்துக்கொண்டு வரும். பானைக்கு மூடி போட்டுவிட்டு அடியில் ஓட்டையை விட்டது போல!

சுட்டதும் ஆள் பத்தடி பின்னால் பறந்து விழுகிறானே, அது? பட்டாளத்துப் பெரியவர் ஒரே வரியில் தீர்த்தார்: “அடிபட்டவன் பறந்தா, சுட்டவனும் பறக்கணும்ல?” விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. குண்டு முன்னே தள்ளும் அளவுக்குத் துப்பாக்கி தோளைப் பின்னே தள்ளுகிறது. சுட்டவன் நின்ற இடத்தில் நிற்க, பட்டவன் மட்டும் பறக்க வழியில்லை.

வெடி கேட்டதும் குனிந்து தப்பிக்கும் நாயகன்? பழைய .303 துப்பாக்கியின் குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது விநாடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர் வேகம். ஓசையின் வேகம் 340 மீட்டர்தான். எதிரே நின்று அந்தக் குண்டு பட்டவன் வெடியோசையைக் கேட்பதற்கு முன்பே விழுந்திருப்பான். கார்க் கதவுக்குப் பின்னால் ஒளிவது? அந்தத் தகரத்தை அது துளைத்துக்கொண்டு போகும்.

சரி, எண்ணிவிட்டோம். இத்தனை தப்பு என்று எழுதிவிட்டோம். முடிந்ததா வேலை? இல்லை தோழர்களே. இங்கேதான் தொடங்குகிறது.

எண்ண மறந்தது எது?

தோட்டாவை எண்ணுகிறோம், துப்பாக்கியின் பெயரைக் கேட்கிறோம், ஓசையை அளக்கிறோம். குண்டு பாய்ந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டோமா?

நமது படங்களின் பெரிய பொய் துப்பாக்கியின் பெயரில் இல்லை. குண்டு ஒன்றும் செய்யாது என்பதுதான் பெரிய பொய். வில்லன் பக்கத்து ஆட்கள் ஐம்பது பேர் விழுகிறார்கள். ஒருவனுக்கும் தாயில்லை, பிள்ளையில்லை, ரேஷன் அட்டையில்லை. நாயகனுக்குத் தோளில் படும். கைக்குட்டையைக் கட்டிக் கொள்வார். அடுத்த காட்சியில் அந்தத் தோளாலேயே கதவை உடைப்பார்.

உண்மைக் குண்டு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டுச் சினிமா உலகம் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தது. 1967 ஜனவரி 12ஆம் நாள், ராமாவரம் தோட்டத்தில், எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. சுட்டவர் என்று நீதிமன்றம் தண்டித்தது எம்.ஆர். இராதாவை, அவரும் குண்டுக் காயத்தோடுதான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். திரையில் எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பியவர் எம்.ஜி.ஆர். ஒரே ஒரு உண்மைக் குண்டு அவருடைய குரலை மாற்றிவிட்டது. அந்த ஆண்டு வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் பழைய குரலையும் புதிய குரலையும் கேட்கலாம். ஓராண்டு கழித்து, 1968 ஜனவரியில், ‘ரகசிய போலீஸ் 115’ வந்தது. படத்தில் அவர் உளவாளி. எதிரிகளின் துப்பாக்கிக்கு அஞ்சாதவர். அந்த உளவாளி வாய் திறந்து பேசும் ஒவ்வொரு சொல்லிலும் ராமாவரத்துக் குண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கேட்டவர்களுக்கு அது தெரியும். தமிழில் வந்த உளவாளிப் படங்களிலேயே துப்பாக்கியைப் பற்றிய மிகச் சரியான தகவல் எது என்று நம்மைக் கேட்டால், அந்தக் குரல்தான் என்போம்!

தொழிலாளியின் உயிர்

சினிமாத் துப்பாக்கி பொம்மைதானே என்று நினைக்கிறோம். அங்கேயும் உயிர் போயிருக்கிறது.

படப்பிடிப்பில் வெற்றுத் தோட்டா என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதில் மருந்து உண்டு, குண்டு இல்லை. தீ தெரியும், ஓசை கேட்கும். 1993 மார்ச்சில் அமெரிக்காவில் பிரண்டன் லீ என்ற நடிகர், புரூஸ் லீயின் மகன், படப்பிடிப்பில் இறந்தார். முன்பு எடுத்த காட்சியில் போட்ட பொய்த் தோட்டாவின் குண்டு முனை துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. பிறகு வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, அதன் மருந்து அந்த முனையைத் தள்ளியது. வெற்றுத் தோட்டா வெற்றல்ல என்பது அப்போது தெரிந்தது.

2021 அக்டோபர் 21இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் என்ற பெண்மணி இறந்தார். ஒத்திகைத் துப்பாக்கியில் உண்மைத் தோட்டா இருந்தது! அன்று காலைதான் கேமராத் தொழிலாளர்கள் பலர், பாதுகாப்பில்லை, தங்குமிடம் சரியில்லை என்று எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறியிருந்தார்கள். தொழிலாளி சொன்னபோது முதலாளி கேட்கவில்லை. துப்பாக்கி சொன்னபோது உலகம் கேட்டது. 2024இல் ஆயுதப் பொறுப்பாளராக இருந்த பெண்ணுக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. போன உயிர் வந்ததா?

துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்ற கேள்வியின் முதல் பொருள் இதுதான். நாயகன் கையில் இருப்பது எந்த நாட்டுத் துப்பாக்கி என்பது பிறகு. அதை இன்று காலை திறந்து பார்த்தவர் யார், விளக்குப் பிடிக்கும் தொழிலாளிக்கும் கேமரா தள்ளும் தொழிலாளிக்கும் என்ன பாதுகாப்பு என்பது முதலில்.

லேத்துப் பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு சொல். 1966இல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் உங்களைப் போன்ற கைகள்தான் குழல் கடைகின்றன. ஒரு மயிரிழை பிசகினால் அந்தக் குழல் கழிவு என்பதை அறிந்த கைகள் அவை. துப்பாக்கியின் அளவைத் தொழிலாளி பிசகாமல் பார்க்கிறான். அதைத் தூக்குகிறவனும் தூக்கச் சொல்கிறவனும் தங்கள் அளவைப் பார்க்க வேண்டாமா?

நம் மண்ணில் பாய்ந்த குண்டு

இந்த வட்டாரத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம், இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலை இங்குள்ள நடுத்தர வயதுக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் உயிரிழந்தார்கள். உழவர்கள், கூலிக்காரர்கள். அவர்களுக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த ஊர்களில் போய், குண்டு பட்டவன் எப்படி விழுவான் என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் படத்திலும் வராத விடை கிடைக்கும். வீட்டில் சோறு ஆக்கி வைத்துக் காத்திருந்தவர்களிடமிருந்து கிடைக்கும்.

அடுத்தது தூத்துக்குடி. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது சுட்டார்கள். மறுநாளும் சுட்டார்கள். 13 பேர் மாண்டனர். சீருடை இல்லாத ஒருவர் வேன் மீது ஏறி நின்று நீளத் துப்பாக்கியால் குறி பார்த்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு இசை இல்லை. ஸ்லோ மோஷன் இல்லை.

நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2022 அக்டோபரில். ‘விக்ரம்’ வெளிவந்த அதே ஆண்டு, நான்கே மாதம் கழித்து! ஓடிக்கொண்டிருந்த மக்களைச் சுட்டிருக்கிறார்கள், மறைவிடத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள், தேவைக்கு மிஞ்சிச் சுட்டிருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை கூறியது. போலீஸ் அதிகாரிகள் மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

நாம் கேட்கிறோம்: அந்த ஆண்டு ‘விக்ரம்’ படத்தின் துப்பாக்கியைப் பற்றி வாதாடியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அந்த அறிக்கையைப் பற்றி வாதாடியவர்கள் எத்தனை பேர்?

எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எவ்வளவு தூரம், முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று திரையைப் பார்த்துக் கேட்கிறோமே, அதே நான்கு கேள்விகள்தான் ஒரு துப்பாக்கிச் சூட்டு விசாரணையின் உயிர்நாடி! எந்தத் துப்பாக்கி என்றால், யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது தெரியும். எத்தனை தோட்டா என்றால், கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கலாம். எவ்வளவு தூரம் என்றால், தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற வாதம் நிற்குமா விழுமா என்பது தெரியும். முன்னாலா பின்னாலா என்றால், பாய்ந்து வந்தவனைச் சுட்டார்களா, பயந்து ஓடியவனைச் சுட்டார்களா என்பது தெரிந்து போகும்.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் திறமை நம் இளைஞர்களுக்கு இருக்கிறது. கொட்டகையில் பழகியிருக்கிறார்கள். கொட்டகையைவிட்டு வெளியே வரும்போது அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதுதான் நம் குறை.

என்ன செய்ய வேண்டும்?

படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள். கை தட்டுங்கள். ஏழாவது தோட்டாவைக் கண்டுபிடித்துச் சிரியுங்கள். நாள் முழுவதும் உழைத்தவனுக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கியைத் தேடிப் பிடிக்கச் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக் காயத்துக்குச் செலவிடுங்கள். குண்டு பட்டவன் வீட்டை ஒரே ஒரு காட்சியில் காட்டுங்கள். படம் கெட்டுப் போகாது. துப்பாக்கியின் கனம் பார்ப்பவனுக்குத் தெரியும்.

தோழர்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு படிப்பகத்திலும் தூத்துக்குடி அறிக்கையின் செய்தியைக் கொண்டு வந்து, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, அந்த நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். எந்த ஆட்சியில் நடந்தது என்பது முக்கியமல்ல. துப்பாக்கிக்குக் கட்சி கிடையாது. நேற்று ஒரு ஆட்சியில் சுட்டது. நாளை இன்னொரு ஆட்சியில் சுடலாம். கேட்கும் மக்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், விசையில் வைத்த விரல் ஒரு கணம் தயங்கும்.

கடையை விட்டு எழுந்தபோது பட்டாளத்துப் பெரியவரிடம் கேட்டோம்: “ஐயா, நீங்கள் எத்தனை தோட்டா சுட்டிருப்பீர்கள்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, சில்லறையை எண்ணி வாங்கிக் கொண்டு, பிறகு சொன்னார்: “சுட்ட ஒவ்வொண்ணுக்கும் காலித் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போடணும் தம்பி. ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டாங்க.”

பட்டாளத்தில் ஒரு காலித் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. தெருவில் போன உயிருக்கும் அந்தக் கணக்குக் கேட்கும் நாள் வரவேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்தான், தோழர்களே!